மண்ணை வாழவைத்த மாமனிதர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர்

கலிலேயா நாட்டு மலையொன்றின்மீது அமர்ந்து இயேசு பெருமான் அருளிய போதனை மலைப் பிரசங்கம் எனப்படும். அதன் தொடக்கத்தில், பாக்கியம் பெற்றவர் யாவர் என்பதை அவர் வரிசைப்படுத்தினார். அவ்வரிசையில் செல்வரும் இல்லை. அதிகாரம் உடையோரும் இல்லை. எளிய மனத்தினர், துயருறுவோர், சாந்தகுணத்தினர், நீதிக்காகப் பசித்திருப்போர், இரக்கமுடையோர், தூய உள்ளத்தோர், சமாதானம் நாடுவோர், நீதியின்பொருட்டுத் துன்புறுவோர் ஆகியோரே அதில் இடம்பெற்றனர். சாந்தகுணத்தினரே மண்ணுக்கு உரியவர் ஆவர் என்ற உறுதிமொழியும் அங்குத் தரப்பட்டது.

இவ்விடத்தில் நம்மவர்க்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பு. பொறுத்துப் போக வேண்டும், பணிந்து நிற்க வேண்டும், குரலை உயர்த்தலாகாது என்று நமக்குத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வந்தது. சொன்னவர்கள் நிலத்தைத் தம் கையில் வைத்துக்கொண்டு, பொறுமையை மட்டும் நம் பங்காக விட்டனர். ஆகவே, சாந்தம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் இளைஞர் முகம் சுளிப்பதில் வியப்பில்லை. ஆயினும் சாந்தம் வேறு, அடிமைப் புத்தி வேறு. அவ்வேறுபாட்டைத் தம் அன்றாட வாழ்வினால் விளக்கிய ஒருவரின் வரலாற்றை இவ்வெள்ளிவிழா மலரில் எடுத்துரைக்க விழைகிறோம். அவர்தாம் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர்.

அடிமைக் குடிலில் பிறப்பு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மிசௌரி மாநிலத்தில் டயமண்ட் என்னும் சிற்றூர் உள்ளது. அதன் அருகே மோசஸ் கார்வர் என்ற வெள்ளையரின் பண்ணையில், 1864ஆம் ஆண்டையொட்டி ஜார்ஜ் பிறந்தார். அடிமைக் குழந்தையின் பிறந்த நாளை எவரும் குறித்து வைக்கவில்லை. தாயார் மேரி, விலைக்கு வாங்கப்பட்ட அடிமை. ஜார்ஜ் கைக்குழந்தையாக இருந்தபொழுது கொள்ளைக் கூட்டத்தார் தாயையும் சேயையும் கடத்திச் சென்றனர். தேடிச் சென்ற ஆள் குழந்தையை மட்டுமே மீட்டு வந்தான். அதற்குக் கைம்மாறாக அவனுக்கு ஒரு குதிரை கொடுக்கப்பட்டது. தாய் திரும்பவேயில்லை.

1865இல் அடிமைமுறை ஒழிந்த பின்னர், மோசஸும் அவர் மனைவி சூசனும் ஜார்ஜை வளர்த்தனர். நோயுற்ற மெலிந்த பிள்ளையாதலின், கடினமான வயல் வேலை அவருக்குத் தரப்படவில்லை. சமையல், தையல், துணி துவைத்தல் ஆகியவற்றைச் சூசனிடம் கற்றார். எஞ்சிய பொழுதெல்லாம் செடிகொடிகளோடு கழிந்தது.

கல்விக்காக அலைந்த காலம்

டயமண்ட் ஊர்ப் பள்ளியில் கறுப்பினச் சிறுவர்க்கு இடமில்லை. ஆதலால் ஏறத்தாழ 8 மைல் தொலைவிலிருந்த நியோஷோ நகருக்குச் சிறுவர் ஜார்ஜ் தனியே சென்றார். அங்கு மரியா வாட்கின்ஸ் என்ற கறுப்பின மருத்துவச்சி அடைக்கலம் தந்தார். அவ்வம்மையார் வீட்டில் சலவை வேலை செய்துகொண்டே ஜார்ஜ் பள்ளிக்குச் சென்றார். அம்மையார் பரிசளித்த வேதாகமத்தை அவர் நெடுங்காலம் பேணிக் காத்தார். கற்ற கல்வியைத் தம் மக்களுக்கே திருப்பித் தரவேண்டும் என்ற எண்ணத்தை அவர் மனத்தில் விதைத்தவரும் அவ்வம்மையாரே.

பின்னர்க் கன்சாஸ் மாநிலத்தில் ஊர் ஊராகச் சென்று, சமைத்தும் துவைத்தும் படித்தார். ஃபோர்ட் ஸ்காட் நகரில் 1879இல் கறுப்பர் ஒருவரை வெள்ளையர் கூட்டம் கொன்ற கொடுமையைக் கண்ணால் கண்டு, அந்நகரை விட்டே அகன்றார். உயர்நிலைப் படிப்பு முடிந்ததும் ஹைலண்ட் என்னும் ஊர்க் கல்லூரிக்கு விண்ணப்பித்தார். அஞ்சல் வழியே இடம் கிடைத்தது. நேரில் சென்றபொழுதோ, நிறத்தைக் கண்டு மறுத்துவிட்டனர். தாளிலே தகுதியும் வாயிலிலே மறுப்பும் பெறுவது எத்தகையது என்பதை நம் பெற்றோர் நன்கறிவர்.

கார்வர் மனம் தளரவில்லை. 1890இல் அயோவா மாநிலத்துச் சிம்சன் கல்லூரி அவரை ஏற்றது. அங்கு ஓவியம் பயின்றார். செடிகளிடம் அவருக்கிருந்த ஈடுபாட்டைக் கண்ட ஓவிய ஆசிரியை, வேளாண்மை பயிலுமாறு ஊக்கினார். 1891இல் அயோவா மாநில வேளாண்மைக் கல்லூரியில் முதல் கறுப்பின மாணவராகச் சேர்ந்தார். தொடக்கத்தில் ஏனைய மாணவர்களோடு அமர்ந்து உண்ணவும் அவருக்கு அனுமதியில்லை. 1894இல் இளநிலைப் பட்டமும் 1896இல் முதுநிலைப் பட்டமும் பெற்றார். அக்கல்லூரியிலேயே ஆசிரியரும் ஆனார்.

டஸ்கிகீயில் தொண்டு

அங்கேயே தங்கியிருந்தால் அமைதியான ஆய்வு வாழ்க்கை அவருக்குக் கிடைத்திருக்கும். ஆனால் 1896இல் அலபாமா மாநிலத்து டஸ்கிகீ நிறுவனத்தின் தலைவர் புக்கர் வாஷிங்டன் அழைத்தவுடன் அவர் புறப்பட்டார். அந்நிறுவனம் கறுப்பின மக்களுக்காகக் கறுப்பினத்தாரே நடத்தியது. அங்கு ஆய்வுக்கூடம் இல்லை. குப்பையில் எறியப்பட்ட புட்டிகளையும் பாத்திரங்களையும் மாணவர்களைக் கொண்டு திரட்டி, அவற்றையே கருவிகளாக்கினார்.

சுற்றுப்புறத்து மக்களின் நிலை இரங்கத்தக்கது. அடிமைத்தளை நீங்கியும் அவர்கள் வெள்ளையர் நிலத்தில் வாரத்திற்குப் பயிரிட்டுக் கடனில் மூழ்கியிருந்தனர். ஆண்டுதோறும் பருத்தியே விதைத்ததால் மண் வளமிழந்தது. வீட்டு வாசல் வரை பருத்தி நட்டதால் காய்கறிக்கும் இடமில்லை. உரம் வாங்கப் பணமுமில்லை.

இங்கேதான் சாந்தகுணத்தின் ஆற்றலைக் காண்கிறோம். கார்வர் அம்மக்களைக் கடிந்துரைக்கவில்லை. காட்டுச் சருகையும் சதுப்பு நிலச் சேற்றையும் எருவாக்கக் கற்றுக்கொடுத்தார். பருத்திக்கு மாற்றாகத் தட்டைப்பயறு, நிலக்கடலை, சர்க்கரைவள்ளி ஆகியவற்றைப் பயிரிடச் சொன்னார். பயறும் கடலையும் தம் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களின் துணையால் காற்றிலுள்ள தழைச்சத்தை ஈர்த்து மண்ணுக்கு அளிப்பவை. உண்பார்க்குப் புரதமும் தருபவை. காசில்லாத உழவன் கடன்படாமல் நிலத்தைத் தேற்றும் வழி இதுவே.

பள்ளிக்கு வர இயலாதவரிடம் பள்ளியே செல்ல வேண்டும் என்று கருதி, 1906இல் கருவிகளும் விதைகளும் ஏற்றிய வண்டியொன்றை ஊர்தோறும் அனுப்பும் ஏற்பாடு செய்யப்பட்டது. எளிய நடையில் 40க்கும் மேற்பட்ட சிறு வெளியீடுகளை எழுதினார். 1916இல் வந்த வெளியீட்டில் நிலக்கடலையை உணவாக்கும் 105 முறைகள் இடம்பெற்றன. கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் இவரே என்று சிலர் எழுதுவது பிழை. அது முன்னரே இருந்தது. தாம் கண்டவற்றுள் மிகச் சிலவற்றுக்கே காப்புரிமை பெற்றார் என்பது மெய். ஏனையவை எல்லார்க்கும் பொதுவாயின.

அன்றாட வாழ்வில் அறம்

நாள்தோறும் விடியுமுன் எழுந்து காட்டுக்குள் நடந்து, இறைவனைத் தொழுது, செடிகளைச் சேகரித்துத் திரும்புவது அவர் வழக்கம். ஞாயிறு மாலைகளில் மாணவர்க்கு வேதாகம வகுப்பு நடத்தினார். அது ஏறத்தாழ 30 ஆண்டுகள் நீடித்தது. பழைய உடையே அணிந்தார். ஆயினும் சட்டையில் ஒரு மலர் தவறாது இருக்கும். ஊதிய உயர்வை அவர் நாடவில்லை. 1930களில் இளம்பிள்ளை வாதத்தால் நலிந்தோர் பலர் அவரை நாடி வந்தனர். அவர்தம் கால்களைக் கடலை எண்ணெய் தேய்த்துத் தம் கையாலேயே பிடித்துவிட்டார்.

1921இல் கடலை உழவர் சார்பில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுமுன் பேசினார். அவருக்கு அளிக்கப்பட்டது 10 நிமிடமே. உறுப்பினர் ஒருவர் அவர் இனத்தைக் குறித்து எள்ளல் பேசினார். கார்வர் சினம் கொள்ளாமலும் தலை குனியாமலும் தம் பொருளைத் தொடர்ந்தார். குழுவினரே நேரத்தை நீட்டித்துக் கேட்டு, இறுதியில் கைதட்டினர். அடிமைப் புத்தி உடையவன் அவ்விடத்தில் நடுங்கியிருப்பான், சாந்தகுணமுடையவர் நடுங்கவில்லை.

ஒரு குறையும் ஓர் எண்ணமும்

இன ஒதுக்கலை எதிர்த்து அவர் வெளிப்படையாகக் குரல் கொடுக்கவில்லை என்று அவர் இனத்தாரே குறை கூறியதுண்டு. அக்குறையை நாம் மறைக்க வேண்டியதில்லை. நீதிக்கான பசி ஒருவரால் மட்டும் தணிவதன்று. அதே டஸ்கிகீயில் 1913இல் பிறந்த ரோசா பார்க்ஸ் அம்மையார், 1955இல் மாண்ட்கோமரி நகரப் பேருந்தில் வெள்ளையருக்கு இடம்விட மறுத்தார். அதனையொட்டி எழுந்த அறப்போரை நடத்திய மார்ட்டின் லூதர் கிங், மலைப் பிரசங்கத்தையே போதித்த போதகர். ஒருவர் மண்ணைத் தேற்றினார். மற்றவர் உரிமையை மீட்டனர். இரண்டும் நமக்கு வேண்டும்.

கார்வர் தம் வாழ்நாள் சேமிப்பான சுமார் 60,000 டாலரையும் ஆய்வு நிறுவனத்துக்கே அளித்து, 1943 ஜனவரி 5ஆம் நாள் மறைந்தார். அவ்வாண்டே அவர் பிறந்த பண்ணை தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டது. அடிமையாகப் பிறந்த இடத்திலேயே அவர் பெயர் நிலைத்தது.

இளைஞர்களே! நம் சங்கத்தின் உதவியால் பட்டமும் பணியும் பெற்றோர் இன்று பலர் உள்ளனர். அவர்களுள் எத்தனை பேர் அக்கல்வியைச் சேரிக்குத் திரும்பக் கொண்டு வந்தோம் என்பதே இவ்வாண்டில் நாம் எண்ணத்தக்கது. மாலையில் ஒரு மணி நேரம் ஒரு பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித்தருதல், பட்டா அறியாத பெரியவருக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்தல், இழிசொல் கேட்டவிடத்தில் நிமிர்ந்து நின்று தெளிவாக விடை கூறுதல் ஆகியவை ஒவ்வொருவர்க்கும் இயல்வனவே. மலைமீது சொல்லப்பட்ட பாக்கியம் இத்தகைய செயல்களில்தான் நம் வீடு வந்து சேரும்.