அரியலூர் கல்லும் பினாங்குத் தேரையும்

அரியலூர், பெரம்பலூர் பக்கத்து ஓடைகளில் ஓர் அதிசயம் உண்டு. அங்கே கிடக்கும் கல்லில் சங்கு இருக்கும். சிப்பி இருக்கும். கடாவின் கொம்புபோல் சுருண்ட கல்லும் இருக்கும். கடலோ வெகு தூரத்தில்! சங்கு எப்படி வந்தது?

ஒரு காலத்தில் கடலே அங்கேதான் இருந்தது. அது ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கும் முந்திய கதை. அந்தக் கடல் உயிர்களை ஆராய்ந்து பெரிய நூல்கள் எழுதியவர் பெர்டினாண்ட் ஸ்டோலிச்கா.

காட்டில் பிறந்தவர்

1838-ம் ஆண்டு ஜூன் 7-ந் தேதி மொராவியாவில் பிறந்தார். இன்று அது செக் நாட்டில் இருக்கிறது. தகப்பனாருக்குக் காடு காக்கும் வேலை. மகன் வியன்னாவில் பூகர்ப்ப சாஸ்திரம் படித்தார். 1862-ல் கல்கத்தா வந்து, பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவில் சேர்ந்தார்.

பிளான்போர்டு முதலிய அதிகாரிகள் அரியலூர்ப் பக்கத்தில் திரட்டிய கற்கள் அங்கே குவிந்து கிடந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தார். 1873-க்குள் வேலை முடிந்தது. நான்கு பெரிய தொகுதிகள்!

ஓடையில் ஒரு தேரை

செத்த உயிரோடு அவர் நிற்கவில்லை. தமிழர் பலர் குடியேறிய பினாங்குத் தீவுக்கும் போனார். அங்குள்ள மலைக்காட்டில் ஒல்லிக் கால்களுடைய சிறு தேரை ஒன்று இருந்தது. 1870-ல் அதை உலகுக்கு அறிவித்தார். அப்போது பினாங்கை நிர்வகித்த அன்சனின் பெயரால் அந்த இனத்துக்கு ‘அன்சோனியா’ என்று பெயரிட்டார்.

இந்தத் தேரைக்குக் குளம் குட்டை உதவாது. நிழல் தரும் காடும், பாறைமீது பாய்ந்தோடும் தெளிந்த நீரும் வேண்டும். வெள்ளம் இழுத்தாலும் குஞ்சு போகாது. வாயாலே பாறையைக் கவ்விக்கொள்ளும்! காட்டை வெட்டினால் மண் கரைந்து ஓடையில் படியும். பாறை மூடிவிடும். பிறகு குஞ்சு எதைப் பிடிக்கும்?

பனிமலையில் முடிவு

1873-ல் யார்க்கண்டுக்குச் சென்ற தூதுக்குழுவோடு இமயத்தைக் கடந்தார். திரும்பி வரும்போது, 1874 ஜூன் 19-ந் தேதி, லடாக்கில் உயிர் பிரிந்தது. வயது 36தான். லே நகரில் அடக்கம் செய்து, நினைவுத்தூண் எழுப்பினார்கள்.

இன்று அரியலூரில் சுண்ணாம்புக்கல் வெட்டி சிமெண்டு செய்கிறார்கள். கல்லோடு சங்கும் சிப்பியும் அரைபடுகின்றன. இனி ஓடையில் அப்படி ஒரு கல் கிடைத்தால், பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.