மூன்றடிக் குழலும் ஒரு சுற்றும்

ஹோட்டன் சமவெளியிலே பேக்கர் நீர்வீழ்ச்சியைக் கண்டு மீளுவோர் பலர்; அப்பெயருக்குரியவரை நினைப்போர் சிலரே. நான் அவரை நினைக்குந்தோறும் ஒரு துவக்கின் குழலே முதலிற் கண்முன் தோன்றுகின்றது.

சாமுவேல் வைற் பேக்கர் 1821 இல் இலண்டனிற் பிறந்தார். இருபது வயது நிரம்புமுன்பே, 1840 இல், பிறிஸ்டல் நகரிலே துவக்குத் தொழில் நடத்திய கிப்ஸ் என்பாரைக் கொண்டு, தாம் திட்டமிட்ட வேட்டை றைபிள் ஒன்றைச் செய்வித்தார்.

அக்காலத்து றைபிள்களிற் சிறிதளவு மருந்தே இடப்பட்டது. மருந்தைக் கூட்டினால், ஈயக்குண்டு குழலினுள்ளே வெட்டப்பட்ட திருகுவரிகளைப் பற்றிச் சுழலாது வழுக்கிப் பாயும்; சுழலாத குண்டு குறி தவறும். வரிகளின் திருகு கூடுந்தோறும் இக்குறையும் கூடும். இதனை நன்குணர்ந்த பேக்கர், ஆழமான இரண்டு வரிகளை மட்டும் வெட்டுவித்து, அவற்றிற் பொருந்தும் பட்டியொன்றைக் குண்டைச் சுற்றி அமைப்பித்தார். குழலின் நீளம் 36 அங்குலம். அந்நீளத்தில் வரி சுற்றுவது ஒரு முறையே. பெருமருந்து எரிந்து குண்டை உந்துதற்கு நீண்ட குழல் இடந்தந்தது. 3 அவுன்சுக் குண்டுக்கு ஓர் அவுன்சு மருந்து. அதன் உதைப்பைத் தாங்கும்பொருட்டுத் துவக்கின் எடை 21 றாத்தலாயிற்று.

1846 இல் அவர் இலங்கைக்கு வந்தார். காய்ச்சலினால் நலிந்து, நுவரெலியாவின் குளிர்காற்றிலே உடல் தேறினார். 1848 இல் அங்கே குடியேற்றம் ஒன்றை நிறுவினார், பயிரிட்டார், வேட்டையாடினார். அவ்வேட்டைகளைப் பற்றிய அவரது நூல் 1854 இல் வெளிவந்தது. மறு ஆண்டு இலங்கையை விட்டு நீங்கினார். 1864 இல், பின்னர் தம் மனைவியான புளோரன்சுடன் ஆபிரிக்காவின் அல்பேட் ஏரியை அடைந்து பெரும் புகழ் பெற்றார். 1866 இல் சேர் பட்டம் பெற்றார். 1893 இல் மறைந்தார்.

யானையைக் கொல்வோருக்கு அரசே பரிசளித்த காலம் அது. ஆதலின் பழி முழுவதையும் அவர்மேற் சுமத்துதல் நீதியாகாது. எனினும், ஹோட்டன் சமவெளியில் இன்று யானைகள் இல்லை. காட்டையழித்த தோட்டங்களோடு துவக்கும் அதற்குக் காரணமாயிற்று.

குழலின் நீளம், வரியின் திருகு, மருந்தின் எடை ஆகிய அனைத்தையும் நுணுக்கமாக அளந்த அம்மனிதர், வீழ்ந்த உயிர்களால் மலைநாடு அடையவிருந்த இழப்பை அளந்தாரல்லர். அவரது நுணுக்கத்தை மாணவர் அவரிடம் கற்கலாம். அவர் அளவாது விட்டதை அளக்கும் கடமையோ நம்முடையது என்பேன்.