பௌல் லா கூர்

டென்மார்க்கு நாட்டில் 1846-ஆம் ஆண்டு பிறந்தவர் பௌல் லா கூர். தலைநகரில் வானிலை ஆராய்ச்சி நிலையத்தில் உயர்ந்த பதவி வகித்தவர். தந்தித் துறையிலும் கண்டுபிடிப்புகள் செய்தவர். அவற்றையெல்லாம் விட்டு 1878-இல் ஆஸ்கோவ் என்னும் சிற்றூரின் மக்கள் கல்விக்கூடத்துக்கு ஆசிரியராகப் போனார். மின்விளக்கு நகரங்களோடு நின்றுவிட்டால் நாட்டுப்புறம் நலிந்துவிடுமே என்பது அவருடைய கவலை. ஊரை விட்டு வந்து விடுதியில் இருந்து படிக்கும் நமக்கு அது புரியாததன்று.

நிலக்கரி இல்லாத நாடு, காற்றுக்கோ பஞ்சமில்லை. 1891-இல் அரசாங்க உதவியோடு காற்றாலை கட்டி டைனமோவை ஓட்டினார். காற்று நின்றுபோனால்? மின்சாரத்தால் தண்ணீரைப் பகுத்து, ஹைட்ரஜனைத் தொட்டியில் சேமித்து, 1895 முதல் பள்ளிக்கூடத்து விளக்குகளை எரித்தார். வாயுக்கள் கலந்து வெடித்துச் சன்னல் கண்ணாடிகள் நொறுங்கியதும் உண்டு! மனிதர் அசரவில்லை.

எனக்கு வியப்பூட்டுவது அவருடைய சோதனை முறைதான். குழாய்க்குள் விசிறியால் காற்றைச் செலுத்தி, சிறு மாதிரி இதழ்களை அதில் வைத்து அளந்தார். இதழ்கள் மிகுந்தால் சக்தியும் மிகும் என்றுதான் யாரும் எண்ணுவோம். சில இதழ்களே விரைந்து சுழல்வது மேல் என்று அவருடைய அளவைகள் காட்டின.

நாட்டுப்புற மின்தொழிலாளர்களுக்கு வகுப்பும் நடத்தி, 1908-இல் காலமானார். 1904-இல் அவரிடம் பயின்ற யோஹன்னஸ் யூல், 1957-இல் கெட்ஸர் என்னுமிடத்தில் 200 கிலோவாட் மூவிதழ்க் காற்றாடி ஒன்றை நிறுவினார். வேகம் மீறினால் இதழ்களின் நுனிகள் திரும்பித் தடை போடும். அது 1967 வரை ஓடியது.