அலெக்சாண்டர் பிளெமிங்கும் உடலின் இயற்கைக் காப்பும்

பென்சிலினைக் கண்டறிந்தவர் என்றே அலெக்சாண்டர் பிளெமிங்கை நீங்கள் அறிந்திருப்பீர்கள். அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே, பாக்டீரியாக்களை அழிக்கும் பொருள் ஒன்று நம் உடலிலேயே சுரப்பதை அவர் கண்டறிந்தார். மருந்துகளுக்குக் கட்டுப்படாத கிருமிகள் பெருகிவரும் இந்நாளில், அவருடைய வாழ்வின் அப்பகுதியையும் நீங்கள் அறிந்துகொள்வது நன்று.

இளமையும் போர்க்களமும்

பிளெமிங் 1881 ஆகஸ்ட் 6 அன்று ஸ்காட்லாந்தின் டார்வெல் என்னும் ஊருக்கு அருகில் உழவர் குடும்பமொன்றில் பிறந்தார். லண்டனில் கப்பல் நிறுவன எழுத்தராகப் பணியாற்றிய பின், செயின்ட் மேரி மருத்துவமனையின் கல்லூரியில் மருத்துவம் பயின்றார். முதல் உலகப் போரின்போது பிரான்சில், காயமுற்ற வீரர்களிடையே பணிபுரிந்தார். ஆழமான காயங்களில் இடப்பட்ட கிருமிநாசினிகள், கிருமிகளைக் காட்டிலும் உடலைக் காக்கும் வெள்ளையணுக்களையே மிகுதியாக அழிப்பதை அங்குக் கண்டறிந்தார்.

இரு கண்டுபிடிப்புகள்

1921இல் தமக்குச் சளி பிடித்திருந்தபோது, மூக்குச் சளியை எடுத்து ஆய்வு செய்தார். அது பட்ட இடத்தில் பாக்டீரியாக்கள் கரைந்து மறைந்தன. அதற்குக் காரணமான லைசோசைம் என்னும் நொதி, கண்ணீரிலும் உமிழ்நீரிலும் முட்டையின் வெள்ளைக்கருவிலும் இருப்பதைப் பின்னர் அறிந்தார். ஆயினும் கொடிய நோய்க்கிருமிகள் பலவற்றை அது அழிக்கவில்லை.

1928இல், பூஞ்சை படிந்த ஆய்வுத் தட்டு ஒன்றில் பென்சிலினின் ஆற்றலைக் கண்டார். அதை நோயாளிகளுக்குப் பயன்படும் மருந்தாக்கிய ஃபுளோரி, செயின் ஆகியோருடன் 1945இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

பிளெமிங்கின் எச்சரிக்கை

நோபல் உரையில் அவர் ஒரு கற்பனை நிகழ்வை எடுத்துரைத்தார். தொண்டைவலி கண்ட ஒருவர், தாமே பென்சிலினை வாங்கிக் குறைந்த அளவில் உட்கொள்கிறார். அழியாது எஞ்சிய கிருமிகள் எதிர்ப்பாற்றல் பெற்று அவருடைய மனைவியைத் தொற்றுகின்றன. மனைவிக்கு நிமோனியா காய்ச்சல் வருகிறது; பென்சிலின் பயனளிக்காமல் அவர் இறந்துபோகிறார். கணவரின் பொறுப்பற்ற மருந்துப் பயன்பாடே அவ்விறப்புக்குக் காரணம் என்று பிளெமிங் உணர்த்தினார். 1955 மார்ச் 11 அன்று அவர் காலமானார்.

பெப்டைடுகள்: இன்றைய தேடல்

லைசோசைமைக் காட்டிலும் சிறிய, பெப்டைடு எனப்படும் புரதத் துணுக்குகளும் உயிர்களைக் காக்கின்றன. 1980களில் அந்துப்பூச்சியிலும் தவளைத் தோலிலும் மனித வெள்ளையணுக்களிலும் இவை இனங்காணப்பட்டன. இவற்றுள் பெரும்பாலானவை நேர்மின்னூட்டம் கொண்டவை. எனவே, எதிர்மின்னூட்டம் கொண்ட பாக்டீரியாவின் மேற்பரப்பில் ஒட்டி, அதன் சவ்வைச் சிதைக்கின்றன.

இவற்றை மருந்தாக்குவது எளிதன்று. உடலிலுள்ள நொதிகள் இவற்றை விரைவில் சிதைத்துவிடுகின்றன. சில பெப்டைடுகள் நம் உயிரணுக்களையும் தாக்குகின்றன. தயாரிப்புச் செலவும் மிகுதி. மேலும், பெப்டைடு வகையைச் சேர்ந்த கோலிஸ்டின் மருந்துக்கும் சில பாக்டீரியாக்கள் எதிர்ப்பாற்றல் பெற்றுவிட்டன. எனவே, புதிய மருந்து வந்தாலும் பிளெமிங்கின் எச்சரிக்கை பொருந்தும்.

நீங்கள் கடைப்பிடிக்க வேண்டியவை

• மருத்துவரின் பரிந்துரையின்றி நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்துகளை வாங்கி உட்கொள்ளாதீர்கள்.
• மருத்துவர் குறித்த அளவிலும் கால அளவிலும் உட்கொள்ளுங்கள், நீங்களாகவே நிறுத்தாதீர்கள்.
• எஞ்சிய மாத்திரைகளைப் பிறருக்குக் கொடுக்காதீர்கள்.
• சாதாரணச் சளிக்கு இம்மருந்துகளைக் கேட்டு வற்புறுத்தாதீர்கள். அது வைரசால் வருவது, இவற்றால் குணமாகாது.