படுக்கையில் கிடந்த வாலிபர் டாக்டர்களுக்கே வழி காட்டினார்!

1917-ம் ஆண்டு. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. பிரிட்டிஷ் கடற்படையின் விமானப் பிரிவில் பைலட்டாக இருந்த ஒரு வாலிபர், நோயாளியாக ஊர் திரும்பினார்.

வயது 20. வந்திருந்த நோயோ காச நோய்!

அந்தக் காலத்தில் அதற்கு நல்ல மருந்து கிடையாது. படுக்கையில் ஓய்வு, நல்ல காற்று, நல்ல சாப்பாடு. பிழைப்பதும் பிழைக்காததும் அவரவர் விதி.

அந்த வாலிபர்தான் ஆஸ்டின் பிராட்போர்டு ஹில்.

தபாலில் படிப்பு

1897-ல் லண்டனில் பிறந்தவர் ஹில். தந்தை, உடல் இயக்கத்தை ஆராய்ந்த பிரபல விஞ்ஞானி. மகனுக்கு டாக்டர் ஆக ஆசை. நோய் அதைக் கெடுத்தது. இரண்டு ஆண்டுகள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வெளியே வந்த பிறகும் இரண்டு ஆண்டுகள் ஓய்வு.

மனம் தளரவில்லை. தபால் மூலம் பொருளாதாரம் படித்தார். 1922-ல் லண்டன் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றார். பிறகு நோய்களைப் பற்றிய புள்ளி விவரங்களை ஆராயத் தொடங்கினார். 1945-ல் பேராசிரியர் ஆனார்.

மருந்து யாருக்கு?

1943-ல் அமெரிக்காவில் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. காச நோயைத் தீர்க்கும் என்றார்கள். உண்மையா?

சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. ஓய்வு எடுத்தே தேறியவர்களும் உண்டு. மருந்து பெற்றவர் பிழைத்தால், பிழைக்க வைத்தது மருந்தா, ஓய்வா?

நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் மருந்து கொடுத்துப் பார்க்கலாம் என்றார் ஹில்.

மற்றவர்களைக் கைவிடுவதா? அது பாவம் அல்லவா?

போருக்குப் பின் பிரிட்டனிடம் டாலர் இல்லை. வந்த மருந்து கொஞ்சம். எல்லோருக்கும் கொடுக்க வழியே இல்லை. இருப்பதை வைத்து உண்மையை அறியாமல் விடுவதுதான் பாவம் என்று ஹில் கருதினார்.

மூடிய உறை

யாருக்கு மருந்து என்பதை டாக்டர் முடிவு செய்யக்கூடாது. செய்தால், பிழைக்கக்கூடியவராகப் பார்த்துக் கொடுத்துவிடலாம். எனவே சீட்டுப் போடுவதுபோல எண்களால் முடிவு செய்தார் ஹில். முடிவு ஒட்டிய உறைக்குள் இருந்தது. நோயாளியைச் சேர்க்க முடிவு செய்த பிறகுதான் உறையைப் பிரிக்க வேண்டும்.

மொத்தம் 107 பேர். ஓய்வுடன் மருந்தும் பெற்றவர்கள் 55 பேர். ஓய்வு மட்டும் பெற்றவர்கள் 52 பேர். எக்ஸ்ரே படங்களைப் பார்த்தவர்களுக்கு, எது யாருடைய படம் என்று தெரியாது.

ஆறு மாதம் சென்றது. மருந்து பெற்றவர்களில் 4 பேர் இறந்திருந்தனர். மற்றவர்களில் 14 பேர்!

மருந்து பலிக்கிறது என்பதில் சந்தேகம் தீர்ந்தது. நாளடைவில் கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போவதும் இந்தச் சோதனையில் தெரிந்தது. ஒரே மருந்து போதாது, வேறு மருந்தும் சேர்க்க வேண்டும் என்று டாக்டர்கள் உணர்ந்தார்கள். முடிவுகள் 1948-ல் வெளிவந்தன.

சிகரெட்டின் குட்டு

அடுத்து, டாக்டர் ரிச்சர்டு டாலுடன் சேர்ந்து நுரையீரல் புற்றுநோயை ஆராய்ந்தார். அந்த நோய் கண்ட 649 ஆண்களில் புகை பிடிக்காதவர்கள் இரண்டே பேர்! வேறு நோய் கண்ட 649 ஆண்களில் 27 பேர். 1950-ல் இந்தக் கணக்கு வெளிவந்து, சிகரெட்டின் குட்டை உடைத்தது.

1961-ல் ஹில்லுக்கு 'சர்' பட்டம் கிடைத்தது.

டாக்டர் ஆக முடியாதவர், டாக்டர்களுக்கு வழி காட்டினார். புதிய மருந்துகளைச் சோதிக்க இன்றும் அவர் வகுத்த முறையே அடிப்படை.

இருபது வயதில் சாவின் வாசலைத் தொட்ட ஹில், 1991-ல் காலமானார். அப்போது அவருக்கு வயது 93!