விடுதியை மூடினால் போதுமா? மெட்ராஸில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி செய்தது என்ன?

மும்பைக்கு காமாத்திபுரா, கொல்கத்தாவுக்கு சோனாகாச்சி. சென்னையில் அப்படி ஊரறிந்த ஒரு சிவப்பு விளக்குப் பகுதி கிடையாது. அதுக்காக இங்கே பாலியல் தொழிலே இல்லைன்னு அர்த்தமில்லை. லாட்ஜ், வாடகை வீடு என ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. இந்த வரலாற்றைப் பேசும்போது தவிர்க்க முடியாத பெயர், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

அவருக்கு முன்னால் ஆங்கிலேய அரசு என்ன செய்தது? 1868-ல் ஒரு தொற்றுநோய்ச் சட்டம். பாலியல் தொழில் செய்யும் பெண்கள் பெயரைப் பதிவு செய்ய வேண்டும், கட்டாய மருத்துவப் பரிசோதனைக்கு வர வேண்டும். நோய் இருந்தால் 'லாக் ஹாஸ்பிடல்' எனும் பூட்டிய மருத்துவமனை. கவலையெல்லாம் சிப்பாய்களின் உடம்பைப் பற்றித்தான். வந்துபோன ஆண்களுக்கு எந்தப் பரிசோதனையும் இல்லை! கடும் எதிர்ப்புக்குப் பிறகு 1888-ல் அது ரத்தானது.

முத்துலட்சுமி 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். அப்பா நாராயணசாமி ஐயர், கல்லூரி முதல்வர். அம்மா சந்திரம்மாள், இசை வேளாளர் குடும்பம். பொட்டுக் கட்டும் வழக்கம் ஒரு பெண்ணை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 1912-ல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் பட்டம். 1927-ல் சட்டமன்றத் துணைத் தலைவர்.

அந்த வருடமே பொட்டுக் கட்டுவதை நிறுத்தச் சொல்லித் தீர்மானம் கொண்டுவந்தார். எதிர்ப்பு உள்ளிருந்தே வந்தது. பெங்களூர் நாகரத்னம்மாள் உள்ளிட்ட தேவதாசிகள், தங்கள் எல்லோரையும் விபசாரிகள் என்று முத்திரை குத்துவதா எனக் கொதித்தார்கள். கலையும் சொத்தும் போய்விடும் என்ற பயமும் இருந்தது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. 1929-ல் வந்த சட்டத் திருத்தம், கோயில் சேவை செய்யாவிட்டாலும் மானிய நிலம் அந்தப் பெண்களுக்கே என்றது. நிலம் இல்லாமல் விடுதலை எதற்கு?

1930-ல் விபசார விடுதி நடத்துவதையும் பெண்களை அதில் தள்ளுவதையும் குற்றமாக்கும் சட்டம் மெட்ராஸ் மாகாணத்தில் நிறைவேறியது. முத்துலட்சுமி அதன் முக்கிய ஆதரவாளர்.

சரி, வெளியே வரும் பெண்கள் எங்கே போவார்கள்? தேவதாசி குடும்பத்துச் சிறுமிகள் சிலர் அவர் வீட்டுக் கதவைத் தட்டியபோது இது நேரடியாகவே தெரிந்துபோனது. நகரத்து ஹாஸ்டல்கள் அவர்களைச் சேர்க்க மறுத்தன. சட்டம் போட்ட ஊரிலேயே படுக்க இடமில்லை. தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். 'அவ்வை இல்லம்' தொடங்கியது அப்படித்தான்.

அதே 1930-ல் காந்தி கைதானதைக் கண்டித்துப் பதவியை உதறினார். பொட்டுக் கட்டுவதைத் தடை செய்யும் சட்டம் 1947 வரை காத்திருந்தது. நாடு முழுமைக்குமான சட்டம் 1956-ல் வந்தது. அதன்படி இன்றும் விடுதி நடத்துவதும் பெண்ணின் வருமானத்தில் பிழைப்பதும் குற்றம். பாலியல் தொழில் மட்டுமே தனியாகக் குற்றமில்லை.

1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையையும் தொடங்கிய முத்துலட்சுமி, 1968-ல் மறைந்தார். அவ்வை இல்லம் அடையாறில் இன்னும் இயங்குகிறது.