மணியடித்துச் சிறுவரைக் கூட்டிய சவேரியார்

யூபிலி மலருக்குப் புனிதர் ஒருவரின் வரலாற்றை எழுதித் தரும்படி விழாக் குழுவினர் கேட்டபோது, எந்தப் புனிதர் என்று நாம் நெடுநேரம் யோசிக்கவில்லை. சென்ற ஆண்டு திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று நடந்த ஒரு சிறு சம்பவமே அதற்குக் காரணம். அன்று நல்ல மழை. சாரம் தெருக்களில் கணுக்கால் அளவு தண்ணீர். பூசை முடிந்து மறைக்கல்வி வகுப்புக்கு வந்திருந்த பிள்ளைகளிடம், இன்று தொடங்கும் காலத்தின் பெயர் என்ன, அது எதற்காக என்று கேட்டோம். நட்சத்திரம் கட்டும் காலம் என்றான் ஒரு பையன். புதுத்துணி தைக்கக் கொடுக்கும் காலம் என்றான் இன்னொருவன். சாமியார் ஊதா உடுப்புப் போடும் காலம் என்றாள் ஒரு சிறுமி. கோவிலைப் பார்த்துப் பதில் சொன்னவள் அவள் ஒருத்திதான். பிள்ளைகளைக் குறை சொல்ல நமக்கு வாய் வரவில்லை. சொல்லித் தர வேண்டிய நாமே ஆண்டுக்கு ஒரு முறை அரைமணி நேரம் அதைப் பற்றிப் பேசிவிட்டு, கிறிஸ்மஸ் நாடக ஒத்திகைக்குப் போய்விடுகிறோம் அல்லவா!

திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையே வரும். ஆகையால் டிசம்பர் 3-ந் தேதி கொண்டாடப்படும் புனித பிரான்சிஸ் சவேரியார் திருநாள் எந்த ஆண்டிலும் அதன் முதல் வாரத்துக்குள்ளேயே அமைந்துவிடும். தமிழ்ச் சிறுவருக்கு ஞானோபதேசம் கற்பிக்க வழி கண்டவர் இவர். அவருடைய நாளோடு இந்தக் காலம் தொடங்குவது நமக்குக் கிடைத்த பேறு என்றே எண்ணுகிறோம்.

சவேரியார் 1506-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி, நவார் நாட்டில் சவேரியார் கோட்டையில் பிறந்தார். அவர் வீட்டின் கடைக்குட்டி. சிறுவனாயிருக்கும்போதே தந்தை இறந்தார். போரில் தோற்ற குடும்பத்தின் கோட்டை மதில்களும் இடிக்கப்பட்டன. 1525-ல் பாரிஸ் நகருக்குப் படிக்கச் சென்றவர் பெரிய பதவிகளைக் கனவு கண்டார். அங்கே அறைத் தோழராக வாய்த்த இஞ்ஞாசியார் அவர் மனத்தை மாற்றியதும், 1534-ம் ஆண்டு மோட்ச இராக்கினி திருநாளன்று தோழர்கள் எழுவரும் மோன்மார்த்தர் குன்றில் வார்த்தைப்பாடு கொடுத்ததும் நாம் அறிந்தவையே. 1541-ல், தம் முப்பத்தைந்தாம் பிறந்த நாளில், லிஸ்பன் துறைமுகத்தில் கப்பலேறினார். பதின்மூன்று மாதங்கள் சென்று, 1542 மே 6-ந் தேதி கோவாவில் இறங்கினார்.

கோவாவில் போர்த்துக்கீசப் பெரியோரின் மாளிகைகள் அவருக்குத் திறந்திருந்தன. அவரோ கையில் மணியொன்றை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். மணியை அடித்துக்கொண்டே போவார். சிறுவர்களும் அடிமைகளும் பின்னால் திரண்டு வருவார்கள். எல்லாரையும் கோவிலுக்கு அழைத்துச் சென்று செபங்களைக் கற்பிப்பார். பாரிஸில் தத்துவம் போதித்த ஒருவர் தெருவில் மணியடித்துச் சென்றதைக் கண்டு சிலர் சிரித்திருக்கவும் கூடும்.

அவ்வாண்டு மழைக்காலம் முடியும் தறுவாயில் அவர் முத்துக்குளித்துறைக்கு வந்தார். மணப்பாட்டுக்குத் திருயாத்திரை போனவர்கள் கடலோரப் பாறையில் அவர் தங்கிய குகையைப் பார்த்திருப்பீர்கள். அக்கரையில் வாழ்ந்த பரதவ மக்கள் ஏறக்குறைய இருபதாயிரம் பேர் 1535-க்கும் 1537-க்கும் இடையே ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். ஆனால் அவர்கள் மொழியில் வேதத்தைப் போதிக்க ஆளில்லை. தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்கு மேல் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. குற்றம் அவர்களுடையதல்ல, தண்ணீர் ஊற்றியவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. இதைப் படித்தபோது நம் மழைநாள் வகுப்பு நினைவுக்கு வந்தது என்று ஒப்புக்கொள்கிறோம்.

சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. தமிழும் போர்த்துக்கீசமும் ஓரளவு அறிந்தவர்களை ஒன்றுகூட்டி, சிலுவை அடையாளம், விசுவாச மந்திரம், கற்பனைகள், பரலோக மந்திரம், அருள்நிறை மந்திரம் முதலியவற்றைத் தமிழாக்கச் செய்து, அவற்றை மனப்பாடம் செய்தார். பழைய நாள்காட்டிப்படி கணக்கிட்டால், 1542-ல் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு டிசம்பர் 3-ந் தேதியிலேயே விழுந்தது. தமிழ்ப் பிள்ளைகள் நடுவே அவர் கழித்த முதல் திருவருகைக் காலம் அதுவே. மெழுகுவர்த்தி வளையம் அன்று இல்லை; அது 1839-ல் ஹாம்பர்க் நகரில், ஏழைச் சிறுவர் இல்லம் ஒன்றில், கிறிஸ்மஸ் எப்போது வரும் என்று நச்சரித்த பிள்ளைகளுக்காக விக்கெர்ன் என்ற லுத்தரன் போதகர் தொடங்கிய வழக்கம். சவேரியாரிடம் இருந்ததெல்லாம் ஒரு மணியும், மனப்பாடம் செய்த சில செபங்களுமே.

ஒவ்வோர் ஊரிலும் நாளுக்கு இருமுறை மணியடித்துச் சிறுவர்களைக் கூட்டினார். அவர் ஒரு வரி சொல்ல, பிள்ளைகள் திருப்பிச் சொல்லுவார்கள். ஒரு மாதம் இப்படி நடக்கும். இதிலுள்ள முக்கியமான ஏற்பாடு என்னவென்றால், கற்ற பிள்ளை தான் கற்றதை அன்றே வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். தாய் தகப்பனுக்கும், வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும், அண்டை அயலாருக்கும் சொல்லித் தர வேண்டும். ஞாயிறன்று ஊர் முழுவதும் கூடும்போது, விசுவாச மந்திரத்தின் பன்னிரண்டு பிரிவுகளையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, இதை ஏற்கிறீர்களா என்று கேட்பார். எல்லாரும் கைகளை மார்பின்மேல் சிலுவையாக வைத்து, ஆம் என்பார்கள். வாரம் முழுவதும் பிள்ளைகள் வீட்டில் சொல்லித் தந்திராவிட்டால் அந்த ஆம் எங்கிருந்து வரும்?

பிள்ளைகளும் அவரை விட்டபாடில்லை. ஏதாவதொரு செபத்தைச் சொல்லித் தரும்வரை, கட்டளைச் செபம் சொல்லவோ சாப்பிடவோ உறங்கவோ தம்மை அவர்கள் விடுவதில்லை என்று இஞ்ஞாசியாருக்கு எழுதினார். நோயாளிகளைப் பார்க்க எல்லா வீடுகளிலிருந்தும் அழைப்பு வரும். எங்கும் போக அவரால் ஆகாது. அப்போது தம் செபமாலையைப் பிள்ளைகளிடம் கொடுத்து அனுப்புவார். அவர்கள் நோயாளியின் அருகே நின்று, வீட்டாரையும் அக்கம்பக்கத்தாரையும் கூட்டி, மந்திரங்களைச் சொல்லிச் செபிப்பார்கள். இன்று நாம் பிள்ளைகளைச் சாவு வீட்டுக்கும் நோயாளி வீட்டுக்கும் அழைத்துப் போகவே அஞ்சுகிறோம்.

ஒன்றை மறைத்து எழுதுவது நமக்கு அழகல்ல. பெற்றோர் பழைய தெய்வங்களை வணங்கினால் பிள்ளைகள் வந்து அவரிடம் சொல்லுவார்கள், அச்சிலைகள் உடைக்கப்பட்டன, அதை அவர் மகிழ்ச்சியோடு எழுதியும் வைத்தார். அக்காலத்து எண்ணம் அப்படி. பிற சமயத்தாரை மதிப்போடு நோக்கும்படி இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் நமக்குக் கற்பித்தது. கார்த்திகைத் தீபமும் நம் கிறிஸ்மஸ் நட்சத்திரமும் அடுத்தடுத்த வாசல்களில் எரியும் சாரத்தில் அவருடைய இந்த ஒரு வழியை நாம் பின்பற்ற மாட்டோம்.

அவருடைய தமிழில் பிழைகளும் இருந்தன. விசுவசிக்கிறேன் என்று வரவேண்டிய இடத்தில், எனக்கு வேணும் என்று பொருள்படும் சொற்கள் விசுவாச மந்திரத்தில் புகுந்திருந்தன. ஊர் ஊராய்ப் பிள்ளைகள் அப்படியே பாடம் செய்துவிட்டார்கள். உண்மை தெரிந்ததும், உடன் உழைத்த மான்சிலாஸ் என்பவருக்கு 1544-ல் எழுதி, வேணும் என்பதை நீக்கி, விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லைச் சேர்க்கும்படி பணித்தார். ஆயிரக்கணக்கான சிறுவர் மனத்தில் பதிந்துவிட்ட ஒரு சொல்லை, தவறு தம்முடையதே என்று அறிந்து திருத்த முன்வருவது எந்த ஆசிரியருக்கும் எளிதல்ல. ஆயினும், விசுவாச மந்திரத்துக்குப் பொருந்தாத அந்த வேணும், மீட்பருக்காக ஏங்கும் திருவருகைக் காலத்துக்கு எத்தனை பொருத்தமான சொல் என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

ஓர் ஊரை விட்டுப் புறப்படும்போது, செபங்களின் பிரதியை அங்கே விட்டு, கற்பிக்கக் கணக்கப்பிள்ளை ஒருவரையும் ஏற்படுத்துவார். நம் உபதேசியார்மாருக்கு இவர்களே முன்னோர். இவர்களுக்குச் சம்பளம்? முத்துக்குளிப்பு வரியிலிருந்து ஆண்டுதோறும் நாலாயிரம் பொற்பணம் போர்த்துக்கல் இராணியின் காலணிச் செலவுக்குப் போய்க்கொண்டிருந்தது. அத்தொகையைச் சவேரியார் இவர்களுக்குக் கேட்டு வாங்கினார். பரதவரின் முத்து, பரதவப் பிள்ளைகளின் ஞானோபதேசத்துக்கே திரும்பி வந்தது.

1544-ன் இறுதியில் திருவிதாங்கூர் கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். கோட்டாற்றில் டிசம்பர் 3-ந் தேதி நிறைவுபெறும் பெருவிழா அக்கரையில் அவர் பெயர் நிலைத்ததற்குச் சான்று. 1545-ல் நாகப்பட்டினத்திலிருந்து மயிலாப்பூருக்குச் சென்று, தோமையார் கல்லறையருகே சில மாதங்கள் தங்கினார். அவ்விரண்டு ஊர்களுக்கும் நடுவிலுள்ளது நம் புதுவைக் கரைதான். பின்பு மலாக்கா, மொலுக்காஸ் தீவுகள், 1549-ல் ஜப்பான். அங்கும் புது மொழி, மறுபடியும் மனப்பாடம்.

ஜப்பானிலிருந்து திரும்பியவர் சீனாவுக்குப் போக விரும்பினார். அந்நியர் உள்ளே நுழையத் தடை. 1552-ல் கான்டன் நகருக்குத் தெற்கேயுள்ள சான்சியான் தீவில் இறங்கினார். மிளகைக் கூலியாகப் பெற்றுக்கொண்டு இரகசியமாக அழைத்துப்போக ஒரு சீன வணிகர் ஒப்புக்கொண்டிருந்தார். குறித்த நாள் நவம்பர் 19. நாள் வந்தது, படகு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. போர்த்துக்கீசக் கப்பல்களும் பெரும்பாலும் புறப்பட்டுப் போய்விட்டன. குளிர் காற்று வீசும் கரையில், ஓலைக் குடிசையில், காய்ச்சலோடு காத்திருந்தார். நவம்பர் 27-ந் தேதி திருவருகைக் காலம் பிறந்தது. டிசம்பர் 3-ந் தேதி, சனிக்கிழமை, விடியுமுன் உயிர் பிரிந்தது. அருகில் இருந்தவர் அந்தோனி என்ற சீன இளைஞர். சவேரியாருக்கு அப்போது வயது நாற்பத்தாறு. பரதவப் பிள்ளைகளோடு அந்த முதல் திருவருகை ஞாயிறைக் கழித்து, நாள் தவறாமல் பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவருடைய உடல் 1554-ல் கோவா வந்தது. 1622-ல் புனிதர் பட்டம் கிடைத்தது. முத்துக்குளித்துறையில் அவர் விட்ட வேலையை அண்ட்ரிக் அடிகளார் தொடர்ந்தார். நன்றாகத் தமிழ் கற்று, செபங்களைத் திருத்தி, 1578-ல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்ற பதினாறு பக்க நூலை அச்சிட்டார். இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல் அது. அதுவும் ஒரு ஞானோபதேசப் புத்தகமே.

யூபிலி ஆண்டாகிய இவ்வாண்டு, டிசம்பர் 3-ந் தேதி மாலை, மழை விட்டாலும் விடாவிட்டாலும், நம் மறைக்கல்வி மாணவர் மணியடித்துக்கொண்டு சாரம் தெருக்களில் வருவார்கள். ஒவ்வொரு பிள்ளையும் நான்கு ஞாயிறுகளிலும் வகுப்பில் கற்றதை அன்றிரவே வீட்டில் ஒருவருக்குச் சொல்லித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. ஊதா உடுப்பு என்று பதில் சொன்ன சிறுமி, தன் பாட்டியைத் தேர்ந்துகொண்டிருக்கிறாள். ஞாயிறு இரவில் பாட்டி எட்டு மணிக்கே தூங்கிவிடுவார்களாம். ஏழரைக்கே பாடத்தை ஆரம்பித்துவிடுவதாக நம்மிடம் சொல்லியிருக்கிறாள்.